நலமாயிருக்கையிலும் பரிசோதனை

"உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, மருத்துவரிடம் எதற்கு?" என்று கருவுற்ற மருமகளை வீட்டிலேயே இருத்திவிடும் வழக்கம் நம் இல்லங்கள் சிலவற்றில் உண்டு. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உயர்வது பெரும்பாலும் வெளியே தெரியாது, அளந்தால்தான் தெரியும்.

முதல் 12 வாரங்களுக்குள் படப்பை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். குடும்ப மருத்துவரிடம் பார்ப்போருக்கும் இப்பதிவு அவசியம். ஒவ்வொரு முறையும் எடையும் இரத்த அழுத்தமும் பார்ப்பார்கள். அழுத்தம் 140/90ஐ எட்டினால் தனிக் கவனம் வேண்டும். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கையில் சர்க்கரை 140 மில்லிகிராமைத் தொட்டால் கர்ப்பகால நீரிழிவு.

ரமளானில் நோன்பு நோற்க விரும்பினால் முன்னரே மருத்துவரைக் கேளுங்கள். தாய்க்கோ சிசுவுக்கோ தீங்கு நேருமென்று அஞ்சினால் நோன்பை விட்டுவிட மார்க்கம் அனுமதிக்கிறது. பின்னர் களாச் செய்யலாம்.

கடுந்தலைவலி, பார்வை மங்கல், உதிரப்போக்கு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அடுத்த தவணைக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனை செல்லுங்கள்.

ஒரகடம் ஆலைகளில் ஷிப்டு பார்க்கும் கணவன்மார்களே! பரிசோதனை நாளில் மனைவியுடன் நீங்களும் செல்லுங்கள். வயிற்றிலிருப்பது அல்லாஹ் உங்கள் இருவரிடமும் ஒப்படைத்த அமானிதம்.