சோஷியல் கிளாஸில் விளையாடலாமா? கீழடி சில்லும் 'டிரேட்' போர்டும் சொல்வது என்ன?

உடைந்த பானை ஓட்டை வட்டமா தேய்ச்சு, தரையில கட்டம் கீறி, ஒத்தக் காலில் தாவினா அது பாண்டி. மதுரை திருநகர் தெருக்களுக்கு இது புதுசு இல்ல. ஆனா பள்ளிக்குள் போனதும் சமூக அறிவியல் என்றாலே ஆண்டு, போர், ஒப்பந்தம், மனப்பாடம். 'போர் அடிக்குது' என்ற புகாருக்கு விளையாட்டு மருந்தாகுமா?

பக்கத்திலேயே இருக்கும் பாடம்

மதுரையிலிருந்து சுமார் 12 கி.மீ. தொலைவில் உள்ள கீழடியில் வட்டச் சில்லுகள், ஆட்டக்காய்கள், பகடைகள் கிடைத்துள்ளன. 2023 மார்ச்சில் அங்கே அருங்காட்சியகமும் திறந்தாச்சு. ஒரு ஓட்டுச் சில்லை மாணவர் கையில் கொடுத்து, "இது விளையாட்டுக் காயா, பானை மூடியா, எடைக்கல்லா?" என்று கேட்டால் போதும். ஓரம் தேய்ந்திருக்கா, எந்த அளவு, எதோடு சேர்ந்து கிடைத்தது என ஆதாரம் தேட ஆரம்பிப்பாங்க. வரலாற்று ஆய்வாளர் செய்வதும் அதைத்தான்.

'டிரேட்' எங்கிருந்து வந்தது?

நம்ம வீட்டு 'டிரேட்' ஆட்டத்துக்கு மூத்தது மோனோபொலி. அதற்கும் மூத்தது, அமெரிக்காவின் எலிசபெத் மேகி 1904-ல் காப்புரிமை பெற்ற 'நிலக்கிழார் ஆட்டம்'. நில வாடகை ஒருத்தரை எப்படிப் பணக்காரராக்கி மற்றவர்களை ஓட்டாண்டியாக்குகிறது என்று காட்டவே அவர் அதை உருவாக்கினார். பின்னாளில் அதற்கு இரண்டு வகை விதிகள் இருந்தன: ஒன்றில் செல்வம் எல்லோருக்கும் பகிரப்படும், மற்றதில் ஒருவரே அள்ளுவார். உலகம் முழுக்கப் பரவியது என்னவோ இரண்டாவதுதான்!

சிக்கலும் இங்கேதான். ஆட்டத்தின் விதி எதுவோ, அதையே பிள்ளைகள் கற்கிறார்கள். நாலு பேருக்கு நாலு விதமான தொடக்கப் பணம் கொடுத்து 'டிரேட்' ஆட வைத்தால் ஏற்றத்தாழ்வு புரியும். சும்மா ஆட விட்டால் வாடகை வசூல் மட்டும் மனசில் நிக்கும். ஆடி முடித்த பின் "நீ ஏன் தோத்த?" என்று பேசும் பத்து நிமிடத்தைப் பெல் அடிச்சு விழுங்கிவிட்டால், அது வெறும் பி.டி. பீரியட்.

மார்க் எங்கே?

பத்தாம் வகுப்பில் அறிவியலுக்குச் செய்முறைத் தேர்வு உண்டு, சமூக அறிவியலுக்கு முழு 100 மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வுதான். அப்போ எந்த ஆசிரியர் பகடையை உருட்டத் துணிவார்? 6 முதல் 8 வரை நிலைமை கொஞ்சம் தேவலை. அங்கே வளரறி மதிப்பீட்டில் செயல்பாடுகளுக்கு மதிப்பெண் உண்டு. சில்லும் 'டிரேட்' போர்டும் வகுப்புக்குள் நுழைய இப்போதைக்குத் திறந்திருக்கும் கதவு அதுதான்.