இன்னொரு காப்பி இருக்கா?

போன தீபாவளிக்கு மறுநாள் என் லேப்டாப், 'இனிமே என்கிட்ட இடம் இல்லை' என்று கையை விரித்துவிட்டது. எல்லாப் புத்திசாலிகளும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கடைக்குப் போய், சட்டைப் பையில் அடங்குகிற சைஸில் ஒரு டெரா பைட் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி வந்தேன். பத்து வருஷத்துப் போட்டோக்கள், பி.காம். மார்க் ஷீட்டின் ஸ்கேன், பத்திரிகைகளுக்கு அனுப்பி பத்திரமாகத் திரும்பி வந்த கட்டுரைகள், அப்பா என் மகளுக்குக் கதை சொன்ன நாற்பது நிமிஷ ஆடியோ... எல்லாவற்றையும் அதில் ஏற்றினேன். லேப்டாப்பில் அழித்தேன். 'பேக்கப் எடுத்தாச்சு!' என்று மனைவியிடம் பெருமையாக அறிவித்துவிட்டுத் தூங்கினேன்.

அப்போது எனக்கு இருந்த ஒரே கவலை, 1 டெரா பைட் என்று அட்டையில் போட்டவன் கம்ப்யூட்டரில் 931 ஜி.பி.தானே தருகிறான் என்பது. கடைக்காரரோடு சண்டைக்கே கிளம்பிவிட்டேன். நல்லவேளை, பக்கத்து வீட்டுப் பையன் தடுத்தான். டிஸ்க் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள். விண்டோஸ் 1024 1024-ஆக வகுக்கிறது. சரக்கு அதேதான், படிக்கல் வேறு. படித்தது காமர்ஸ், இது தெரியவில்லை!

மனசைத் தேற்றிக்கொள்ள ஒரு விஷயம் சொல்கிறேன். 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி உலகின் முதல் ஹார்ட் டிஸ்க்கை வெளியிட்டது. இரண்டடி அகலத்தில் ஐம்பது தட்டுகள். எடை ஒரு டன்னுக்கு மேல். அதில் அடங்கியது சுமார் ஐம்பது லட்சம் எழுத்துக்கள். இன்றைக்கு உங்கள் செல்போனில் எடுக்கும் போட்டோ ஒன்றே ஒன்றை வைத்தால் 'ஹவுஸ்ஃபுல்' போர்டு மாட்ட வேண்டியதுதான். ஆனால் அதில் ஒரு சௌகரியம் உண்டு. ஒரு டன் சாமான் மேஜையிலிருந்து தவறி விழாது.

என்னுடையது விழுந்தது.

சமையல் காஸ் வந்திருக்கிறது என்று காலிங் பெல் அடிக்க, எழுந்து ஓடினேன். டிஸ்க்கின் ஒயர் காலில் மாட்டிக்கொண்டது. மொத்தமே இரண்டரை அடி உயரம். டொக் என்று ஒரு சத்தம். திரும்ப மாட்டினால், சுவர்க் கடிகாரத்தை முழுங்கியது மாதிரி 'டிக்... டிக்... டிக்...'. கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஓடினேன். ஒரு மாடிக் கடையில், பூதக்கண்ணாடியும் கையுமாக இருந்த தம்பி நிமிர்ந்து பார்த்தார்.

"கீழ போட்டீங்களா சார்?"

"நான் போடலை. அதுவா விழுந்தது."

"எல்லாரும் இதையேதான் சார் சொல்றாங்க. இதுல வேற காப்பி இருக்கா?"

"இல்ல தம்பி, இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்."

அவர் சிரிக்கவில்லை. எனக்கும் அர்த்தம் புரிந்ததும் சிரிப்பு வரவில்லை.

அவர்தான் விளக்கினார். உள்ளே கண்ணாடி போன்ற தட்டு நிமிஷத்துக்கு 5,400 தடவை சுற்றுகிறது. அதன் மேல் படிக்கிற முனை, தட்டைத் தொடாமல் மிதக்கிறது. இடைவெளி நம் தலைமுடியின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. ஓடும்போது கீழே விழுந்தால் முனை தட்டில் இடித்து உழுதுவிடும். அந்த 'டிக் டிக்', முனை தன் இடம் தெரியாமல் தவிக்கிற சத்தம். அந்த நேரத்தில் நாம் செய்யக்கூடாத ஒன்று, திரும்பத் திரும்ப மாட்டிப் பார்ப்பது.

"எத்தனை வாட்டி மாட்டினீங்க?"

"ஒரு... பதினஞ்சு?"

தம்பி பெருமூச்சு விட்டார். தூசி இல்லாத அறையில் வைத்துத் திறக்க வேண்டும், டிஸ்க் விலையைப் போல நாலு மடங்கு ஆகும், உத்தரவாதம் இல்லை என்றார். சரி என்றேன். வேறு என்ன சொல்ல? அப்பா 2021-ல் போய்விட்டார். அவர் குரல் அதில் இருந்தது.

பத்து நாள் கழித்து முக்கால்வாசிப் போட்டோ வந்தது. மார்க் ஷீட் வந்தது. திரும்பி வந்த கட்டுரைகள் ஒன்று விடாமல் மறுபடியும் திரும்பி வந்தன! அப்பாவின் ஆடியோவுக்குப் பெயர் மட்டும் வந்தது. திறந்தால் 0 கே.பி.

* * *

அன்று ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்தபோதுதான் உறைத்தது. நான் செய்தது பேக்கப்பே இல்லை. வீடு மாற்றம்! லேப்டாப்பில் இருந்த ஒரே பிரதியை டிஸ்க்குக்குக் குடிவைத்தேன். முதலிலும் ஒன்று, கடைசியிலும் ஒன்று. ஒரு பதிவுக்கு இரண்டு இடம் என்கிற இரட்டைப் பதிவு முறையை மூணு வருஷம் உட்கார்ந்து படித்தவனுக்கு இது தோன்றவில்லை.

அப்பாவுக்குத் தோன்றியிருக்கும். கும்பகோணத்தில் அரிசி மண்டியில் கணக்கு எழுதியவர். பில் புக்கில் கார்பன் வைத்து எழுதிய பழக்கத்தில், வீட்டுப் பால் கணக்குக்குக்கூட கார்பன் வைப்பார். ஒரு பிரதி பீரோவில், ஒன்று பரணில் தகரப் பெட்டியில். பத்திரம், பாலிசி மாதிரி முக்கியமானது என்றால் மூன்றாவதாக ஒன்று மன்னார்குடி அத்தை வீட்டில்.

"ஏம்ப்பா, பால் கணக்கை யாரு திருடப் போறா?" என்று கேலி செய்வேன்.

"திருடறதுக்கு இல்லடா. கரையான் வந்தா, கேட்டுட்டா வரும்?"

இதையேதான் இன்றைக்குக் கம்ப்யூட்டர்காரர்கள் '3-2-1' என்கிறார்கள். பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பிரபலப்படுத்தியது. மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். அப்பா இதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

'டாய் ஸ்டோரி 2' படத்தையே இந்த மூன்றாவது பிரதிதான் காப்பாற்றியது. 1998-ல் பிக்ஸார் ஸ்டுடியோவில் யாரோ தவறான கட்டளையைத் தட்ட, தயாராகிக்கொண்டிருந்த படத்தின் ஃபைல்கள் கண்ணெதிரே மறைய ஆரம்பித்தன. பேக்கப்பைத் தேடினால் அதுவும் சரியாக இல்லை. யாரும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை. டெக்னிக்கல் டைரக்டர் கேலின் சஸ்மன் அப்போது கைக்குழந்தைக்காரர். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதற்காக வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி வைத்திருந்தார். அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, குழந்தையைக் கொண்டுவருவது போலக் காரில் கொண்டு வந்தார்கள்.

ஆகவே நண்பர்களே, டிஸ்க் வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் அதில் ஏற்றியதை லேப்டாப்பில் உடனே அழிக்காதீர்கள். இடம் இல்லையென்றால் இரண்டு டிஸ்க் வாங்குங்கள், ஒன்றை அக்கா வீட்டில் வையுங்கள். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். 2017 மே மாதம் 'வான்னாக்ரை' செய்தது போல ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கிற வைரஸ் வந்தால், மாட்டியிருக்கிற டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும். இந்தக் காலத்துக் கரையான் அது. கீழே போடுகிற ராசி உள்ளவர்கள் எஸ்.எஸ்.டி. வாங்கலாம். உள்ளே சுற்றுவது எதுவும் இல்லை. ஆனால் அதையும் வருஷக்கணக்கில் மின்சாரமே காட்டாமல் பீரோவில் போட்டு வைக்கக்கூடாது. முக்கியமாக, மாசம் ஒரு தடவை நாலு ஃபைலையாவது திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப், தணிக்கை செய்யாத கணக்கு.

போன வாரம் திருச்சியிலிருந்து அக்கா போன் செய்தாள். அப்பா கதை சொன்னதில் ஒரு துண்டை நான் அப்போதே அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேனாம். மூணு நிமிஷம். அதில் கதை ஒரு நிமிஷம்தான். மீதி இரண்டு நிமிஷமும் அப்பா மூக்குக் கண்ணாடியைத் தேடுகிறார். "இங்கதான வெச்சேன்... இங்கதான வெச்சேன்..." என்கிறார். என் மகள் சிரிக்கிறாள், "தாத்தா, தலையில இருக்கு!"

அதற்கு இப்போது மூன்று பிரதி இருக்கிறது. ஒன்று திருச்சியில்.