நைரோபியில் வக்கீல்கள் மிகுதியா, நீதி குறைவா?

கென்யாவின் தலைநகரான நைரோபியில் சட்டம் பயின்று வெளியே வரும் இளைஞனின் காதில் முதலில் விழுவது வாழ்த்துச் சொல் அன்று. "வக்கீல்கள் பெருகிவிட்டார்கள், இனி உனக்கு இங்கே இடமில்லை" என்னும் கைவிரிப்பேயாகும். மூத்தவர்கள் இதைச் சொல்கிறார்கள். முன்பே இடம்பிடித்து உட்கார்ந்துவிட்டவர்கள் இன்னும் உரக்கச் சொல்கிறார்கள். பலமுறை சொல்லப்பட்டதனாலேயே இது ஓர் உண்மையின் தோற்றத்தைப் பெற்றுவிட்டது. நாம் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஏன் ஒப்புக்கொள்ளவில்லை என்பதை வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

கடல் கடந்த ஆப்பிரிக்க நகரத்து வக்கீல்களின் கதை நமக்கெதற்கு என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. நம்முடைய சொத்துப் பத்திரங்களை ஆளும் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம், 2012ஆம் ஆண்டு வரை கென்யாவின் நிலப் பத்திரங்களையும் ஆண்டு வந்தது. அந்நாடு 1963இல் தனக்கெனச் சாட்சியச் சட்டம் இயற்றிக்கொள்ளும்வரை இந்தியச் சாட்சியச் சட்டமே அங்கும் வழங்கியது. இவற்றுக்கும் மேலாக, அந்நாட்டு மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழப் பதினொருவர் முஸ்லிம்கள். அவர்களுடைய திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமை வழக்குகளைக் கேட்கும் காஜி நீதிமன்றங்களுக்கு அந்நாட்டின் அரசியல் சட்டமே இடமளித்திருக்கிறது. எனவே அங்கே யார் வக்கீலாகிறார்கள், யார் வாசலிலேயே நிறுத்தப்படுகிறார்கள் என்பது நமக்கு அந்நியமான கேள்வி ஆகாது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கென்யாவின் மக்கள்தொகை 4 கோடியே 75 லட்சத்துக்கு மேல். வக்கீல்களின் எண்ணிக்கை இருபதாயிரத்தைச் சற்றுத் தாண்டியது என்று வைத்துக்கொண்டாலும், ஏறக்குறைய இரண்டாயிரம் பேருக்கு ஒரு வக்கீல் என்றே ஆகிறது. இதையா மிகுதி என்பது? இரண்டாயிரம் பேர் வாழும் ஊரில் ஒரே ஒரு மருத்துவர் இருந்தால், "மருத்துவர்கள் மலிந்துவிட்டார்கள்" என்று எவரேனும் சொல்வார்களா? ஆனால் அந்த ஆயிரக்கணக்கானோரில் பெரும்பகுதியினர் 44 லட்சம் பேர் வாழும் ஒரே நகரத்தில், அதிலும் மிலிமானி நீதிமன்றங்களைச் சுற்றியுள்ள சில தெருக்களில், ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நெரிசலைப் பார்த்துவிட்டு மிகுதி என்கிறார்கள். பந்தியில் ஓர் இலையைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்துவிட்டு, "விருந்தாளிகள் அதிகம்" என்பதைப் போன்றது இது. எதிர் வரிசையில் இலைகள் வெறுமனே கிடப்பதை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

"இடமில்லை" என்னும் இந்தப் பேச்சு அந்த மண்ணுக்குப் புதியதுமன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் கென்யாவில் சட்டக் கல்லூரியே இல்லை. வக்கீலாக விரும்பும் ஆப்பிரிக்கர் லண்டனுக்குக் கப்பலேறியாக வேண்டும். அவ்வாறு சென்று, பாரிஸ்டராகித் திரும்பிய முதல் ஆப்பிரிக்கக் கென்யர் ஆர்க்விங்ஸ் கோதெக். வெள்ளையருக்குத் தரும் ஊதியத்தைத் தமக்குத் தர மறுத்த அரசுப் பணியை உதறிவிட்டு, தனித் தொழில் தொடங்கி, மாவ் மாவ் போராட்டத்தில் சிக்கிய ஏழைகளுக்காக வாதாடினார் அவர். லார்டு டென்னிங் தலைமையிலான குழு ஆப்பிரிக்க மாணவரின் சட்டக் கல்வி குறித்து 1961இல் அறிக்கை தந்த பின்னரே, 1963இல் கென்யச் சட்டப் பள்ளி தோன்றியது. நைரோபிப் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறை அமைந்தது 1970இல். அன்று நிறத்தைக் காட்டிக் கதவை அடைத்தார்கள். இன்று எதைக் காட்டி அடைக்கிறார்கள் என்பதே நம் கேள்வி.

பணத்தைக் காட்டி அடைக்கிறார்கள் என்பதே நம் விடை. நான்கு ஆண்டுகள் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தால் மட்டும் அங்கே வக்கீலாக முடியாது. அதன்பின் சட்டப் பள்ளியில் பயிற்சி வகுப்பு. அதற்குக் கட்டணம் 1,90,000 ஷில்லிங். ஒன்பது பாடங்களில் தேர்வு. பல ஆண்டுகளில் எல்லாப் பாடங்களிலும் முதல் முயற்சியிலேயே தேறுவோர் பாதிப்பேர்கூட இல்லை. தவறியவர் மீண்டும் பணம் கட்டி எழுத வேண்டும். இத்துடன் ஐந்தாண்டு அனுபவமேனும் உள்ள வக்கீலிடம் ஆறு மாதம் பயிற்சி பெற வேண்டும். அந்த ஆறு மாதமும் காலை முதல் இரவு வரை கட்டுகளைச் சுமந்து, வழக்கேடுகளைப் பதிந்து, வாய்தா வாங்கிக் கொடுக்கும் இளைஞனுக்குப் பல அலுவலகங்கள் தரும் தொகை பேருந்துச் செலவுக்கே போதாது. ஒன்றும் தராத அலுவலகங்களும் உண்டு. நைரோபியில் உற்றார் வீடு உள்ளவன் தாக்குப்பிடிப்பான். கரிஸ்ஸாவிலிருந்தோ வஜீரிலிருந்தோ வந்த ஆட்டிடையன் மகன் எங்கே படுப்பான், எதை உண்பான்?

"தேர்வைத் தளர்த்தச் சொல்கிறீர்களா?" என்று நம்மை மடக்க நினைப்பவர்கள் உண்டு. இல்லை, அதை நாம் சொல்லவில்லை. அரைகுறை வக்கீலால் கெடுவது அவன் பெயரன்று, கட்சிக்காரரின் நிலமும் உயிரும். தேர்வு கடினமாகவே இருக்கட்டும். அறிவைச் சோதிக்கட்டும், தந்தையின் பணப்பையைச் சோதிக்க வேண்டாம் என்பதே நம் வழக்கு. உழைப்பை வாங்கிக்கொண்டு கூலியைத் தராமல் விடுவதற்குப் பயிற்சி என்று பெயரிடுவது எந்த நீதியில் சேர்ந்தது? உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்னும் நபிமொழியைச் சிறுவயதிலேயே கற்றவர்கள் நாம். நீதிமன்றத்தில் தொழிலாளிக்காக நின்று கூலி கேட்கும் வக்கீல், தம் அறைக்குள் அமர்ந்திருக்கும் தொழிலாளியை மறக்கலாமா?

இவ்வளவையும் தாண்டிப் பதிவேட்டில் பெயர் ஏறி, சன்னது கைக்கு வந்த பின்னர் இளைஞன் என்ன செய்கிறான்? நெரிசலில் தானும் ஒருவனாகிறான். கட்டண ஆணை விதித்த தொகைக்குக் கீழே இறங்கிப் பத்திரம் எழுதித் தருகிறான். அவ்வாறு குறைத்து வாங்குவது வக்கீல் சட்டப்படி ஒழுங்கீனம் என்பதை அவன் அறிவான். அவனிடம் அந்த விலைக்கு வேலை வாங்குகிறவரும் அறிவார். "பெரிய மனிதரின் பழக்கம் வேண்டும், பெரிய கம்பெனியின் கணக்கு வேண்டும், இல்லையேல் இத்தொழிலில் உயர்வில்லை" என்று அவனுக்கு உபதேசம் நடக்கிறது. இந்த உபதேசம் பொய் என்பதற்கு அந்நாட்டின் வரலாறே சான்று.

கென்ய வக்கீல் தொழிலுக்குப் பெருமை தேடித் தந்த வழக்கு எது? ஜோமோ கென்யாட்டாவும் மற்ற ஐவரும் குற்றக் கூண்டில் நின்ற வழக்குதான். அது நைரோபியில் நடக்கவில்லை. மக்கள் திரளக்கூடாது என்பதற்காகவே அரசு அதை வடமேற்கு மூலையிலுள்ள கப்பென்குரியாவுக்குக் கொண்டுபோயிற்று. லண்டனிலிருந்து டி. என். பிரிட் வந்தார், நைரோபியிலிருந்து கபிலாவும், ஃபிட்ஸ் டி சூசாவும், ஜஸ்வந்த் சிங்கும் சென்றனர். அவர்கள் கிட்டாலியில் தங்கி, அன்றாடம் புழுதிப் பாதையில் பயணம் செய்து வாதாடினர். 1953 ஏப்ரலில் ஏழாண்டுக் கடுங்காவல் என்று தீர்ப்பாயிற்று. வழக்கில் தோற்றவர்களின் பெயர்கள் நிலைத்துவிட்டன. அன்று நைரோபியில் செல்வாக்குடன் பத்திரம் எழுதிச் செல்வம் சேர்த்தவர்கள் எத்தனை பேர் நினைக்கப்படுகிறார்கள்? 1990 ஜூலையில் பலகட்சி ஆட்சிமுறைக்காகக் குரல் கொடுத்ததற்காக விசாரணையின்றிச் சிறைப்பட்ட வக்கீல்களில் முகம்மது இப்ராகிம் ஒருவர். அவரே 2011இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் முதல் நீதிபதிகளுள் ஒருவராக அமர்ந்தார். 2021இல் முதல் பெண் தலைமை நீதிபதியாகப் பொறுப்பேற்ற மார்த்தா கூமே மேருப் பகுதியில் ஓர் உழவர் குடும்பத்துப் பெண். பெரிய மனிதரின் பழக்கமா இவர்களை உயர்த்தியது?

ஆகவே இளைஞர்கள் வெளியே பார்க்க வேண்டும் என்கிறோம். 2010ஆம் ஆண்டு அரசியல் சட்டம் நாட்டை 47 கவுண்டிகளாக வகுத்தது. 2013 முதல் அவை ஒவ்வொன்றிலும் ஆட்சியும் மன்றமும் நடக்கின்றன. ஒப்பந்தம் எழுதவும், விதி இயற்றவும், நிலத் தகராறு தீர்க்கவும் அங்கெல்லாம் சட்டம் அறிந்தவர் வேண்டும். "நீதிமன்றம் நைரோபியில் இருக்க, நாங்கள் மண்டேராவில் இருந்து என்ன செய்வது?" என்னும் பழைய சாக்கும் செல்லாது. 2020 ஜூலையில் நைரோபியில் தொடங்கிய மின்வழிப் பதிவு முறை 2024இல் நாடு முழுமைக்கும் விரிந்துவிட்டது. ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் கடந்து வந்து ஒரு மனுவைக் கொடுத்துத் திரும்பிய காலம் மாறிவருகிறது. சிற்றூரில் வருவாய் குறைவு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அங்கே அறை வாடகையும் குறைவு, போட்டியும் குறைவு. பத்து ஆண்டுகள் நைரோபியில் பிறர் கட்டைச் சுமப்பவன் காணாத வழக்குகளை அங்கே இரண்டே ஆண்டுகளில் தானே நின்று நடத்தலாம். அந்தத் தேர்ச்சியோடு தலைநகருக்குத் திரும்புகிறவனை எவரும் வாசலில் நிறுத்த முடியாது.

முஸ்லிம் இளைஞருக்கு நாம் தனியாகச் சொல்ல ஒன்றுண்டு. 1963இல் சான்சிபார் சுல்தானோடு செய்த உடன்பாட்டில் கடற்கரை மக்களுக்கு உறுதியளிக்கப்பட்ட காஜி நீதிமன்றங்கள், பலத்த எதிர்ப்புக்கிடையே, 2010 ஆகஸ்ட் வாக்கெடுப்பில் நிலைபெற்ற அரசியல் சட்டத்தின் 170ஆம் பிரிவில் இடம்பெற்றன. இரு தரப்பும் முஸ்லிம்களாக இருந்து அதன் அதிகாரத்தை ஏற்றால் வழக்கு அங்கே நடக்கும். மேல்முறையீடோ உயர் நீதிமன்றத்துக்குப் போகும். இந்த இரண்டு படிகளுக்கும் நடுவேதான் ஏழைக் கைம்பெண்ணின் பங்கு பல வேளைகளில் தொலைந்துபோகிறது. ஃபராயிழ் கணக்கு அறிந்தவருக்குச் சிவில் நடைமுறை தெரியாது. நடைமுறை அறிந்தவருக்குப் பாகப்பிரிவினைக் கணக்கு தெரியாது. இரண்டையும் கற்ற வக்கீலுக்கு வேலையில்லை என்று சொல்பவர் அந்த நீதிமன்றத்தின் திண்ணையில் ஒரு நாளேனும் உட்கார்ந்து பார்த்திருக்கமாட்டார். மனைவிக்கும் மகளுக்கும் உரிய பங்கை மறைநூலே வகுத்திருக்க, அதைப் பெற்றுத்தர ஆளில்லாமல் போவது யாருடைய குறை? பெண் வக்கீல்கள் இத்துறைக்குப் பெருவாரியாக வர வேண்டும் என்றும் விரும்புகிறோம். தன் குடும்பத் துயரைப் பெண்ணிடமே மனம் திறந்து சொல்லும் பெண்கள் அங்கும் உண்டு, இங்கும் உண்டு.

இனி, எங்கே தொழில் நடத்தினாலும் மறக்கக்கூடாத ஒன்று: கட்சிக்காரரின் பணம் வக்கீலின் பணம் அன்று. அதைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்று கென்ய விதிகள் சொல்கின்றன. நம் வழக்கில் அதற்கு அமானிதம் என்று பெயர். விபத்தில் கணவனை இழந்தவளுக்கு வந்த இழப்பீட்டைத் தம் அலுவலக வாடகைக்குத் திருப்பிவிட்டு, "நாளை வா" என்று அலையவைக்கும் வக்கீலின் மேல் ஒழுங்கு மன்றம் நடவடிக்கை எடுக்கலாம், எடுக்காமலும் போகலாம், ஊர் மறக்காது. போட்டி மிகுந்த நகரத்தில் புதியவனுக்கு மூலதனம் நாணயம் ஒன்றே. அதைக் கடனாகத் தர எந்த வங்கியும் இல்லை.

கதவைக் காத்து நிற்கும் மூத்தவர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: உங்களுக்குப் பின்னால் வருகிறவனின் எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள், அவனுக்குக் கூலி கொடுங்கள், வழக்கு கொடுங்கள், போகவேண்டிய திசையைக் காட்டுங்கள். இளைஞர்களுக்கு நாம் சொல்வது: மிலிமானிப் படிக்கட்டுகளில் இடம் இல்லாமல் இருக்கலாம், நீதி கிடைக்காமல் நிற்கும் மக்களின் வரிசை அந்தப் படிக்கட்டுகளோடு முடிவதில்லை. அந்த வரிசையில் கடைசியாக நிற்பவருக்கும் ஒரு வக்கீல் வாய்க்கும் நாளில், "வக்கீல்கள் பெருகிவிட்டார்கள்" என்று யாரேனும் சொல்லட்டும். அன்று நாமும் அதை ஒப்புக்கொள்வோம்.