வேடம் மாறட்டும்

‘மதராசி’ என்னும் ஒற்றைச் சொல் வடபுலத்துப் பள்ளிகளில் நம் பிள்ளைகளை எவ்வளவு குத்தியது என்பதை நாம் மறக்கவில்லை. ஆயின், அக்குத்தலை அறிந்த நாமே நம் வீட்டில் கற்பிப்பது என்ன?

மும்பையில் மகனின் வகுப்பில் புதிதாக ஒரு தமிழ் மாணவன் சேர்ந்தால், “தாராவியா, மாட்டுங்காவா? சொந்த ஊரில் எந்தத் தெரு? குலதெய்வம் எது?” என்று கேட்டு வரச் சொல்கிறோம். வசைச்சொல் ஒன்றும் இல்லை. எனினும், கேட்கப்பட்ட பிள்ளைக்குப் புரிந்துவிடுகிறது.

சாதி ஊரோடு நின்றுவிட்டது என்பது நம்மை நாமே ஏமாற்றும் பேச்சு. 2023-இல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவன் தன் வீட்டிலேயே வெட்டப்பட்டான்; கைதானோருள் அவனோடு பயின்ற மாணவர்களும் இருந்தனர். பின்னர் அமைந்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்குமாறு 2024-இல் பரிந்துரைத்தது. கயிற்றை அறுத்துவிடலாம், கேள்வியை எதைக் கொண்டு அறுப்பது?

அறிவுரையால் இயலாது, நடித்துப் பார்த்தால் இயலும். தெருக்கூத்தின் கட்டியங்காரன் அரசனையே இடைமறித்துக் கேட்பவன் அல்லனோ? நம் சங்க ஆண்டு விழாவில் ‘புதிய மாணவன்’ என்றொரு காட்சியைப் பிள்ளைகள் நடிக்கட்டும். கட்டியங்காரன் ஆட்டத்தை நிறுத்தி, “தெருவை அறிந்து என்ன செய்யப் போகிறாய்?” என்று வினவட்டும். பின்னர் வேடம் மாறட்டும். கேட்டவன் கேட்கப்பட்டவனாக நிற்கட்டும். வேடம் கலைத்தபின் தன் நெஞ்சில் பட்டதைச் சொல்லட்டும். 1935-இல் கே. பி. சுந்தராம்பாள் என்னும் பெண்மணி திரையில் நந்தனாராக நடித்தார். வேடம் மாறுவது நமக்குப் புதிதன்று.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். அன்றாடம் இழிவைச் சுமக்கும் பிள்ளையை மேடையிலும் அதைச் சுமக்க வைத்தல் கொடுமை. அவன் கட்டியங்காரனாக நின்று கேள்வி கேட்கட்டும்.

“பிஞ்சு நெஞ்சில் இல்லாத நஞ்சை நாமே ஊட்டுவதா?” எனச் சிலர் சினக்கக்கூடும். நஞ்சு முன்பே ஊட்டப்பட்டுவிட்டது. நாம் அஞ்சுவது பிள்ளைகளுக்காக அன்று. மேடையில் அவர்கள் பேசப்போகும் வசனம் எந்த வீட்டில் கற்றது என்பது முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நமக்குத் தெரியும்.