கொரியாவிலிருந்து வந்த ஜாதகம்



நம் விடுதியிலே எதைப் பற்றியும் குறை கூறலாம். சாப்பாட்டுக் கூடத்துச் சாம்பாரைக் குறை கூறலாம். துணைவேந்தரைக் குறை கூறலாம். கிரிக்கெட் தேர்வுக் குழுவினரைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசலாம். கேட்பவர்கள் சிரிப்பார்கள், அல்லது மறுப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் 'கிராஷ் லாண்டிங் ஆன் யூ' என்னும் கொரிய நாடகத்தில் ஒரு குறை உண்டு என்று சொல்லிப் பாருங்கள்! அறையிலே திடீரென்று மௌனம் குடிகொள்ளும். "உனக்கு நெஞ்சிலே ஈரமே கிடையாதா?" என்று யாரேனும் கேட்பார்கள். நாடகத்தைப் பற்றிய வாதம் அத்துடன் நின்றுவிடும். சொன்னவனுடைய நெஞ்சைப் பற்றிய விசாரணை தொடங்கிவிடும்.

இந்த விசாரணைக்கு அஞ்சிப் பலர் வாய் திறப்பதில்லை. நான் திறக்கிறேன்.

கொரிய நாடகமே கூடாது என்று கூறும் கட்சியில் நான் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்தக் கட்சிக்காரர்களில் பெரும்பாலோர் ஒரு நாடகத்தின் ஒரு பகுதியைக்கூட முழுமையாகப் பார்த்திராதவர்கள். நானோ பார்த்தவன். புதுயுகம் தொலைக்காட்சி கொரிய மக்களைத் தமிழிலே பேச வைத்த நாள்முதலே பார்த்தவன். மறுநாள் காலையில் தேர்வை வைத்துக்கொண்டு முந்தின இரவு இரண்டு மணி வரைக்கும் பார்த்தவன். இவ்வளவு பார்த்தவனுக்கு ஒரு குறை கூறும் உரிமையாவது இருக்க வேண்டாமா?

குறை இதுதான். இருவர் சந்திக்கிறார்கள். முதலில் பூசல்; பிறகு பரிவு; பிறகு காதல். எல்லாம் நம் கண் முன்னே, மெல்ல மெல்ல, எவ்வளவு அழகாக வளர்கிறது! பாதி நாடகம் கழிந்த பிறகு ஒரு திரை விலகுகிறது. இவர்கள் முன்னமே சந்தித்தவர்களாம்! சிறு வயதிலே ஒருவர் உயிரை ஒருவர் காப்பாற்றியவர்களாம்! பாவம், மறந்துவிட்டார்களாம்! பின்னணியிலே பாட்டு எழுகிறது. நம் கண்ணிலே நீர் நிறைகிறது. எனக்கு மட்டும் அந்த இடத்தில் ஏதோ பறிபோனது போல் இருக்கிறது.

ஒன்றிரண்டு நாடகங்களில் இது நேர்ந்திருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். 2018-இல் வந்த 'வாட்ஸ் ராங் வித் செக்ரட்டரி கிம்' நாடகத்தில் முதலாளியும் அவருடைய காரியதரிசியும் குழந்தைப் பருவத்தில் ஒன்றாகக் கடத்தப்பட்டவர்கள். 2020-இல் வந்த 'இட்ஸ் ஓகே டு நாட் பி ஓகே' நாடகத்தில், உறைந்த ஆற்றிலே மூழ்கிய சிறுவனைக் கரையேற்றிய சிறுமியே பிற்காலத்தில் அவன் காதலி. எழுத்தாளர் பார்க் ஜி-உன் அம்மையாருக்கோ இது கைவந்த கலை. 2013-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய 'மை லவ் ஃப்ரம் தி ஸ்டார்' அவர் எழுதியது. அதில் வேற்றுக் கோளிலிருந்து வந்தவன் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கதாநாயகியை லாரியின் சக்கரத்திலிருந்து காப்பாற்றியவன். அது போதாதென்று, நானூறு ஆண்டுகளுக்கு முன்னும் அவளைப் போலவே முகம் கொண்ட ஒரு சிறுமி அவன் வாழ்விலே வந்து போயிருக்கிறாள். 2016-இல் அவர் எழுதிய 'தி லெஜண்ட் ஆஃப் தி புளூ சீ' நாடகத்தில் முற்பிறப்பே வந்துவிட்டது. பிறகு 2019-இல் 'கிராஷ் லாண்டிங்'. 2024-இல் 'குயின் ஆஃப் டியர்ஸ்'. (இவற்றுள் மூன்று நாடகங்களில் கதாநாயகராக வந்தவர் கிம் சூ-ஹியுன். திரையிலே அந்த மனிதர் ஒரு பெண்ணையாவது முதன்முறையாகச் சந்தித்தது உண்டா என்று எனக்கு ஐயம்!)

'கிராஷ் லாண்டிங்' நாடகத்தின் முற்பகுதியை எண்ணிப் பாருங்கள். தென்கொரியாவின் செல்வச் சீமாட்டி யூன் சே-ரி வானிலே பறந்து விளையாடப் போய்ச் சூறாவளியிலே சிக்குகிறாள். எல்லைக்கு அப்பால் வடகொரியாவில் ஒரு மரத்திலே தொங்குகிறாள். அவளைக் கண்டவன் ரி ஜியோங்-ஹியோக் என்னும் இராணுவக் காப்டன். அவளை மேலிடத்தில் ஒப்படைப்பதுதான் அவன் கடமை. ஒப்படைக்கவில்லை. வீட்டிலே ஒளித்து வைக்கிறான். ஏன்? அவள் யார் என்று அவனுக்குத் தெரியாது. அவளால் அவனுக்கு வரக்கூடியது தண்டனை ஒன்றே. இருந்தும் ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்து, இன்றைக்கும் இவளைக் காட்டிக் கொடுப்பதில்லை என்று அவன் தீர்மானிக்கிறான். மின்சாரம் நின்றுபோகும் இரவுகள், கிம்ச்சி போடும் பெண்களின் ஊர்வம்பு, வீட்டுக்கு வீடு நடக்கும் சோதனை ஆகிய எல்லாவற்றுக்கும் நடுவிலே அந்தத் தீர்மானம் நாள்தோறும் புதிதாகப் பிறக்கிறது. வடக்கிலிருந்து தப்பி வந்தவர்களின் துணையோடு எழுதப்பட்ட காட்சிகள் அவை. அந்தக் கிராமத்துக்கு ஈடான ஒரு கிராமத்தைக் கொரிய நாடகங்களில் நான் கண்டதில்லை.

அந்நியருக்காக உயிரைப் பணயம் வைத்தவனின் கதை இது என்று நாம் நெகிழ்ந்திருக்கும்போதே ஸ்விட்சர்லாந்து குறுக்கிடுகிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு அந்த நாட்டிலே, வாழ்வை வெறுத்து நின்ற சே-ரியை ஓர் ஏரிக்கரையில் ஒலித்த பியானோ இசை மீட்டதாம். வாசித்தவன் நம் காப்டனே! தன் அண்ணனுக்காக அவன் இயற்றிய இசையாம் அது. ஒரு பாலத்தின்மேலும் இருவரும் சந்தித்தார்களாம். இசை நல்ல இசைதான், மறுக்கவில்லை. அந்தப் படகுத் துறை இருக்கும் இசெல்ட்வால்ட் என்னும் சிற்றூருக்கு வந்து குவிந்த கூட்டத்தைத் தாங்க மாட்டாமல் ஊரார் சுழல் கதவு வைத்து, ஆளுக்கு 5 பிராங்கு கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள் என்றால் வேறு சாட்சி எதற்கு?

"மரத்தில் தொங்கியவளைக் கண்டபோது காப்டனுக்கு இதெல்லாம் தெரியாதே! அவன் தியாகம் எப்படிக் குறையும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவனுக்குத் தெரியாது, ஆனால் நமக்குத் தெரிவிக்கிறார்கள். நாடகத்தின் பாரத்தை எங்கே இறக்கி வைப்பது என்பதை ஆசிரியரே முடிவு செய்கிறார். அந்நியளைக் காத்த மனிதன் என்ற இடத்திலே இருந்த பாரத்தைத் தூக்கி, விதி கூட்டி வைத்த ஜோடி என்ற இடத்திலே வைத்துவிடுகிறார். பிறகு நாம் அழுவது அவன் துணிவுக்காக அன்று, தற்செயலின் சாமர்த்தியத்துக்காக.

'குயின் ஆஃப் டியர்ஸ்' எனக்கு இன்னும் பெரிய ஏமாற்றம். அதன் கடைசிப் பகுதியை 24.85 விழுக்காட்டினர் பார்த்தனர். 'கிராஷ் லாண்டிங்' பெற்ற 21.68 என்னும் கணக்கைத் தாண்டி, ஒளிபரப்பிய டிவிஎன் நிலையத்தின் வரலாற்றிலேயே முதலிடம் பெற்றது. பெறட்டும். ஆனால் அது தொடங்கிய விதத்தை நினைவு கூருங்கள். மணமாகி மூன்று ஆண்டுகள் ஆன தம்பதிகள். பெரிய அங்காடிக் குடும்பத்துப் பெண் ஹோங் ஹே-இன். கிராமத்திலிருந்து வந்த வழக்கறிஞன் பேக் ஹியுன்-ஊ. மாமியார் வீட்டின் அதிகாரத்தில் நசுங்கி, மணவிலக்குப் பத்திரத்தைக் கையிலே வைத்துக்கொண்டு அவன் வாய் திறக்கும் வேளையில், தனக்கு மூன்று மாதமே ஆயுள் என்று அவள் சொல்கிறாள். அவன் உள்ளத்தில் எழுவது என்ன? நிம்மதி! ஆம், நிம்மதி! எத்தனை நாடகாசிரியர்களுக்கு இப்படி ஒரு கணவனைக் காட்டத் துணிவு வரும்? செத்துப்போன அன்பு மறுபடி உயிர் பெறுமா, பெற்றால் எதனால் பெறும் என்று கேட்கும் அரிய நாடகம் ஒன்று அங்கே தொடங்கியது.

கேள்விக்கு வந்த விடையைப் பாருங்கள். சிறு வயதில் கடலிலே மூழ்கிய ஹே-இன்னைக் காப்பாற்றிய பையன் ஹியுன்-ஊதான். பள்ளிக்கூட நாளிலும் இருவரும் எதிர்ப்பட்டிருக்கிறார்கள். பிறகு ஜெர்மனியில் அறுவை, அதனால் நினைவிழப்பு, வில்லன், துப்பாக்கி! மூன்றாண்டு மணவாழ்வின் சலிப்பை இரண்டு மனிதர்கள் எப்படி வென்றார்கள் என்று அறியக் காத்திருந்த நமக்கு, அவர்கள் வெல்ல வேண்டியதே இல்லை, கடலே முன்னமே முடிச்சுப் போட்டுவிட்டது என்று பதில் கிடைக்கிறது. கடினமான கணக்கைப் போடத் தொடங்கிய மாணவன், நடுவிலே விடைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தது போல் இல்லையா இது?

கொரியருக்கு 'இன்யோன்' என்று ஒரு சொல் உண்டு. பௌத்தம் வழி வந்த கருத்து. பல பிறவிகளாகத் தொடரும் தொடர்பே இரண்டு மனிதரை எதிரெதிரே கொண்டு நிறுத்துகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. "அவர்களுடைய நம்பிக்கையை நீ எப்படிக் குறை கூறலாம்?" என்று நண்பர் ஒருவர் என்னை மடக்கினார். ஊழை நம்பும் இலக்கியம் நம்மிடமும் உண்டு. ஆனால் சிலப்பதிகாரத்திலே ஊழ் வந்து கோவலனுக்குப் பரிசா கொடுத்தது? தலையை வாங்கியது, மதுரையை எரித்தது. மனிதனை அழிக்க வரும் ஊழுக்கு ஒரு பயங்கரமும் ஒரு பெருமையும் உண்டு. சீயோல் நகரத்து ஊழோ கல்யாணத் தரகர் வேலை பார்க்கிறது! இன்யோனை மதித்தே எழுதுவதும் இயலும். கொரியாவிலே பிறந்து கனடாவிலே வளர்ந்த செலீன் சோங் இயக்கிய 'பாஸ்ட் லைவ்ஸ்' என்ற 2023-ஆம் ஆண்டுத் திரைப்படம் முழுவதும் இன்யோன்தான். ஆயினும் அதில் வரும் பெண் குழந்தைப் பருவத் தோழனை வழியனுப்பிவிட்டுக் கணவனோடு வீடு திரும்புகிறாள். 2002-இல் வந்த பழைய 'விண்டர் சொனாட்டா' நாடகத்தையும் நான் குறை கூற மாட்டேன். அதில் பள்ளிக்கூடக் காதல் முதலிலேயே நம் முன் நடக்கிறது. இழந்ததைப் பற்றிய கதை அது. ஒளித்து வைத்து நடுவிலே எடுத்து நீட்டிய சீட்டு அன்று.

இவ்வளவும் வெறும் நாடகத்தைப் பற்றிய பேச்சாக இருந்தால் நானும் பேசாமல் பார்த்துவிட்டுத் தூங்கப் போயிருப்பேன். நம்மைப் பற்றிய பேச்சாகவும் இருப்பதால்தான் எழுதுகிறேன்.

ஊரிலே நமக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறார்கள். நாம் இங்கே இருந்துகொண்டு அதைக் கேலி செய்கிறோம். "கட்டத்திலே இருக்கும் கிரகமா என் துணையைத் தேர்ந்தெடுப்பது?" என்று தொலைபேசியிலே அம்மாவிடம் சீறுகிறோம். சீறிவிட்டு வந்து கொரிய நாடகத்தைப் பார்த்து, "இவர்கள் ஒருவருக்காக ஒருவர் பிறந்தவர்கள்" என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். இதுவும் ஜாதகந்தானே, நண்பர்களே! மஞ்சள் தடவாத ஜாதகம். வசன வரியோடு வந்த ஜாதகம். இரண்டு பேர் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள் என்பது போதாது, அவர்களுக்கு மேலே இருந்து ஏதோ ஒன்று கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும் என்பதைத்தானே இரண்டும் சொல்கின்றன?

நம்மிலே சிலர், வீட்டிலே சொல்ல முடியாத காதலை நெஞ்சிலே வைத்திருக்கிறார்கள். சாதி வேறு, மொழி வேறு. என்றாவது ஒரு நாள் தந்தைக்கு எதிரே நின்று, "ஏன் இவள்?", "ஏன் இவன்?" என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். "நான் தேர்ந்தெடுத்தேன், இன்னின்ன காரணத்தால் தேர்ந்தெடுத்தேன், நாளைக்கும் இதையே தேர்ந்தெடுப்பேன்" என்று சொல்வது கடினம். ஆனால் அது மறுக்க முடியாத பதில். "எங்களை விதி சேர்த்தது" என்று சொல்வது எளிது. அப்படிச் சொல்லிப் பாருங்கள்! தந்தையின் பெட்டியிலே ஒரு விதி எழுதி மடித்துத் தயாராக இருக்கிறது. விதிக்கு விதி போட்டியிட்டால் பழைய விதி வெல்லும்; அதற்கு ஜோசியர் சாட்சி உண்டு.

முன்சந்திப்பு இல்லாமல் கொரியரால் எழுத முடியாதா என்றால், மிக நன்றாக முடியும். 2018-இல் வந்த 'மை மிஸ்டர்' நாடகத்தில் லீ ஜி-ஆன் என்னும் கடன்பட்ட ஏழைப் பெண், பார்க் டோங்-ஹூன் என்னும் பொறியாளரின் தொலைபேசியை ஒட்டுக் கேட்கிறாள். எதற்காக? பணத்துக்காக! கேட்கக் கேட்க அவர் நல்ல மனிதர் என்று அறிகிறாள். எந்த ஏரியும் இல்லை, எந்தப் பாலமும் இல்லை. ஒரு மனிதரின் நாள்தோறும் நடக்கும் நடத்தையே இன்னொரு மனிதரை மாற்றுகிறது.

2015-இல் தொடங்கிய 'ரிப்ளை 1988' இன்னும் ஒரு படி மேல். சீயோலில் சாங்முன்-டோங் பகுதியின் ஒரு சந்திலே சேர்ந்து வளர்ந்த ஐந்து பேர் கதை. அங்கே எல்லாருமே முன்னமே சந்தித்தவர்கள். ஆகவே சந்திப்பினாலே யாருக்கும் எந்தச் சலுகையும் கிடையாது! தோக்-சன் என்ற பெண்ணை ஜுங்-ஹ்வான் பள்ளி நாளிலிருந்தே விரும்புகிறான், சொல்வதில்லை. ஓர் இரவு, பாட்டுக் கச்சேரி வாசலில் அவள் தனியாக நிற்கிறாள் என்று அறிந்து காரை ஓட்டிக்கொண்டு பறக்கிறான். வழியெல்லாம் சிவப்பு விளக்கு. போய்ச் சேரும்போது, பாடுக் ஆட்டக்காரனான தேக், தன் போட்டியையே விட்டுக்கொடுத்துவிட்டு ஓடி வந்து அவளுக்கு எதிரே நிற்கிறான். விளக்கின்மேலும் விதியின்மேலும் பழி போட ஜுங்-ஹ்வானுக்கு எல்லா வசதியும் இருந்தது. அவன் போடவில்லை. தன்னைத் தடுத்தது சிவப்பு விளக்கு அன்று, இத்தனை ஆண்டுகளாகத் தான் தயங்கிய தயக்கமே என்று அந்தக் காரிலே உட்கார்ந்து உணர்கிறான்.

தோக்-சன் கடைசியில் தேக்கை மணந்ததை இன்றுவரை பொறுக்காதவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். நம் விடுதியின் இரண்டாம் மாடியில் அவர்கள் தொகை அதிகம். அவள் மணந்தது சரிதான் என்பது எனது இரண்டாவது வேண்டாத கருத்து. இதை மறுத்து எழுத விரும்பும் ஜுங்-ஹ்வான் கட்சியினருக்கு அடுத்த இதழில் இடம் ஒதுக்குவதாக ஆசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார். கட்டுரை இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். இந்த முறையாவது தயங்காமல் குறித்த நாளிலே கொண்டு வந்து கொடுக்கட்டும்.