ஒரு தோல்வி, ஒரு வருஷம் காலி: கல்லூரிப் பெண்கள் கால்பந்தில் தேசியப் போட்டிக்குத் தகுதி பெறுவது எப்படி?

தென்காசி மாவட்டம் ராயகிரியில் பள்ளி அணிக்காக ஒன்றாகக் கால்பந்து ஆடிய மூன்று தோழிகள் பிளஸ் டூ முடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் சங்கரன்கோவில் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் சேர்கிறார். இன்னொருவர் ராஜபாளையத்தில் பி.காம். மூன்றாமவர் இன்ஜினீயரிங். அட்மிஷன் ஃபீஸ் கட்டிய அன்றே மூவரும் மூன்று வேறு அணிகளின் ஆட்களாகிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது அவர்களுக்கே தெரியாது.

ஏன்? கல்லூரி விளையாட்டில் தேசிய அளவுக்குப் போவது கல்லூரி அல்ல, பல்கலைக்கழகம். எந்தக் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது என்பதுதான் ஒரு மாணவியின் முதல் தகுதிச் சுற்று. அடுத்தடுத்து என்ன நடக்கிறது? வாய்ப்பு உண்மையில் எவ்வளவு? பார்ப்போம்.

ஒரே ஊர், மூன்று பல்கலைக்கழகம்

தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரிகள் பெரும்பாலும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. 1990-ல் தொடங்கப்பட்ட இதன் தலைமையிடம் நெல்லையை அடுத்த அபிஷேகப்பட்டி. சங்கரன்கோவில் மாணவி இந்த அணிக்குத்தான் போட்டியிட வேண்டும்.

ராயகிரியிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் போனால் ராஜபாளையம். ஆனால் அது விருதுநகர் மாவட்டம். அங்குள்ள கலைக் கல்லூரிகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. இன்ஜினீயரிங் என்றால் பெரும்பாலும் அண்ணா பல்கலைக்கழகம். மாநிலம் முழுக்க இருக்கும் கல்லூரிகளிலிருந்து ஒரே ஒரு அணி.

இதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. நெல்லைப் பல்கலைக்கழக அணியில் இடம் பிடிக்க, குமரி மாவட்டத்து வீராங்கனைகளுடன் போட்டி போட வேண்டும். தூத்தூர் போன்ற அங்குள்ள கடற்கரை ஊர்களில் கால்பந்து அன்றாட வாழ்க்கையின் ஒரு பகுதி. இடம் கிடைப்பது கஷ்டம். கிடைத்துவிட்டால் கூட ஆடுபவர்கள் பலமானவர்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் வடிகட்டல் இன்னும் நீளம்.

பாதை எப்படிப் போகிறது?

முதல் படி, கல்லூரி அணி. கால்பந்து விதிப்படி ஒரு அணியில் குறைந்தது 7 பேர் இல்லாவிட்டால் ஆட்டத்தையே தொடங்க முடியாது. சின்ன ஊர்க் கல்லூரிகளில் பெண்கள் அணி நின்றுபோவது பெரும்பாலும் இங்கேதான். திறமையான மூன்று பேர் இருப்பார்கள். மீதி ஆட்கள் சேர மாட்டார்கள்.

இரண்டாவது படி, பல்கலைக்கழகத்துக்கு உட்பட்ட கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. இதில் ஜெயிக்கும் கல்லூரி அப்படியே மேலே போய்விடாது. போட்டியில் நன்றாக ஆடியவர்களைத் தேர்வுக் குழு பொறுக்கி எடுத்து ஒரு பல்கலைக்கழக அணியை உருவாக்கும். அதாவது, கல்லூரி முதல் ரவுண்டில் தோற்றாலும் ஒரு தனி வீராங்கனை தேர்வாகலாம். சின்னக் கல்லூரி மாணவிக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் கல்லூரி அணியே இறங்காவிட்டால், தேர்வாளர் கண்ணில் படும் வழியும் ரொம்பவே குறுகிவிடும்.

மூன்றாவது படிதான் முக்கியம்: தெற்கு மண்டலப் போட்டி. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நாட்டை வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என நான்காகப் பிரித்திருக்கிறது. தெற்கில் தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா பல்கலைக்கழகங்கள் மோதும். இதில் முதல் நான்கு இடம் பிடிப்பவர்களுக்கு அகில இந்தியப் போட்டிக்கு டிக்கெட்.

நான்காவது படி அந்த அகில இந்தியப் போட்டி. அதில் முன்னணி இடங்களைப் பிடிக்கும் பல்கலைக்கழகங்கள் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளுக்கும் போகின்றன. 2020-ல் புவனேஸ்வரில் தொடங்கிய அந்தப் போட்டி பெங்களூரு, உத்தரப் பிரதேசம், வடகிழக்கு மாநிலங்கள் என்று சுற்றி, 2025-ல் ராஜஸ்தானில் நடந்தது.

ரியல் ஃபைனல் எது?

இங்கேதான் ட்விஸ்ட். தெற்கு மண்டலப் போட்டி வழக்கமாக இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் நாக் அவுட்: தோற்றால் வீட்டுக்கு. கால் இறுதியில் ஜெயிக்கும் நான்கு அணிகளும் பிறகு லீக் முறையில் ஒன்றோடொன்று ஆடும்.

அந்த நான்கு அணிகளுமே அகில இந்தியப் போட்டிக்குப் போகின்றன. அப்படியென்றால் லீக்கில் முடிவாவது யாருக்கு முதல் இடம், யாருக்கு நாலாவது இடம் என்பது மட்டுமே. ஒரு சீசனின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் ஆட்டம் கால் இறுதி. கோப்பை யாருக்கு என்று கடைசி நாளில் வரும் செய்தியைவிட, கால் இறுதி முடிவுகள் வரும் நாள்தான் கவனிக்க வேண்டிய நாள்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. முந்தைய ஆண்டு முதல் நான்கு இடம் பிடித்த அணிகள் அட்டவணையில் தனித்தனிப் பகுதிகளில் வைக்கப்படுவது வழக்கம். கடந்த ஆண்டு தகுதி பெறாத ஒரு அணி இந்த ஆண்டு முன்னேறி வந்தால், கால் இறுதியிலேயோ அதற்கு முன்போ ஒரு பழைய பெரிய அணி எதிரே நிற்க வாய்ப்பு அதிகம். உள்ளே இருப்பவர்கள் உள்ளேயே இருக்க வசதி. வெளியே இருப்பவர்களுக்குக் கதவு கனம்.

கணக்கு என்ன சொல்கிறது?

எத்தனை நாக் அவுட் சுற்று என்பது வரும் அணிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒரு கணக்குக்கு மூன்று சுற்று என்று வைத்துக்கொள்வோம்.

ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயிக்க 50 சதவீத வாய்ப்புள்ள சராசரி அணி, மூன்றையும் ஜெயிக்க வாய்ப்பு 12.5 சதவீதம். எட்டு வருஷத்துக்கு ஒரு முறை. 70 சதவீத வாய்ப்புள்ள நல்ல அணி என்றால்? 34 சதவீதம். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை. நல்ல அணிக்கே இந்த நிலைமைதான்.

இதை ஒரு மாணவியின் பக்கத்திலிருந்து பாருங்கள். இளங்கலைப் படிப்பு மூன்று ஆண்டு. அவருக்கு மூன்று வாய்ப்பு. அந்த 70 சதவீத அணியில் மூன்று வருஷமும் ஆடினால், ஒரு முறையாவது அகில இந்தியப் போட்டியைப் பார்க்க வாய்ப்பு சுமார் 72 சதவீதம். முதல் வருஷம் தேர்வாகாமல் இரண்டு வருஷம் மட்டும் ஆடினால் அது 57-க்கு இறங்கிவிடும். சராசரி அணியில் மூன்று வருஷமும் ஆடினாலும் 33 சதவீதம்தான்.

அதனால், முதலாம் ஆண்டிலேயே தேர்வில் கலந்துகொள்வது சின்ன விஷயம் இல்லை. 'செகண்ட் இயர்ல பாத்துக்கலாம்' என்று விட்டால், மொத்த வாய்ப்பில் ஒரு பங்கு கையை விட்டுப் போய்விடுகிறது. முதுகலையில் சேர்ந்தால் இன்னும் இரண்டு வாய்ப்பு உண்டு. ஆனால் வயது வரம்பு 25.

குரூப் சுற்று வந்தால் வேறு கணக்கு

நான்கு அணிகள் கொண்ட ஒரு குரூப், ஒவ்வொருவருக்கும் மூன்று ஆட்டம், முதல் இரண்டு அணிகள் மேலே. வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1. இந்த முறையில் 7 புள்ளி எடுத்துவிட்டால் கவலையே இல்லை. நிச்சயம் முதல் இரண்டுக்குள் வந்துவிடலாம். 6 புள்ளி? பெரும்பாலும் போதும். ஆனால் எப்போதும் இல்லை. மூன்று அணிகள் ஒன்றை ஒன்று மாறி மாறித் தோற்கடித்து, நாலாவது அணியை எல்லோரும் ஜெயித்தால், மூவருக்கும் 6 புள்ளி. ஒருவர் வெளியே போயே ஆக வேண்டும்.

அப்போது கோல் வித்தியாசம் பேச ஆரம்பிக்கும். இதற்குச் சமீபத்திய உதாரணம் இந்தியப் பெண்கள் அணியே. 2025-ல் தாய்லாந்தில் நடந்த ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இந்தியா மங்கோலியாவை 13-0, திமோர் லெஸ்தேவை 4-0, இராக்கை 5-0 என்று ஜெயித்தது. தாய்லாந்தும் அதே மூன்று அணிகளை ஜெயித்திருந்தது. கடைசி ஆட்டத்துக்கு முன் இரண்டு அணிகளுக்கும் 9 புள்ளி, கோல் வித்தியாசமும் அச்சு அசலாக 22. ஜூலை 5 அன்று சங்கீதா பாஸ்ஃபோரின் இரண்டு கோல்களால் இந்தியா 2-1 என ஜெயித்து, 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. பலவீனமான அணிக்கு எதிராக 5-0 என்று முன்னிலையில் இருக்கும்போது 'போதும்' என்று நின்றுவிடக் கூடாது என்பதற்கு வேறு பாடம் தேவையில்லை.

அமெரிக்காவில் எப்படி?

கல்லூரிப் பெண்கள் கால்பந்து என்றால் உலகமே பார்ப்பது அமெரிக்காவைத்தான். அங்கே பல்கலைக்கழகங்கள் 'கான்ஃபரன்ஸ்' எனும் குழுக்களாகப் பிரிந்து சீசன் முழுக்க ஆடுகின்றன. தேசியப் போட்டியின் முதல் டிவிஷனில் 64 அணிகள். கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு நேரடி இடம். மீதி இடங்களை ஒரு குழு நிரப்பும். சீசன் முழுக்க யாரை ஜெயித்தார்கள், எதிரணி எவ்வளவு பலமானது என்பதையெல்லாம் பார்க்கும்.

ஒரு நாள் சறுக்கினாலும் சீசன் முழுவதும் ஆடிய ஆட்டம் காப்பாற்றும் என்பதுதான் இதில் முக்கியம். கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் அங்கு 1972-ல் வந்தது. பெண்களுக்கான தேசியக் கல்லூரிக் கால்பந்துப் போட்டி இந்த அமைப்பின் கீழ் 1982-ல் தொடங்கியது. பணம், மைதானம், ஸ்காலர்ஷிப் எல்லாவற்றிலும் நமக்கும் அவர்களுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனால் 'நிறைய ஆட்டம் கொடு, பிறகு தகுதியை முடிவு செய்' என்ற யோசனைக்குப் பெரிய பணம் தேவையில்லை.

திறமைக்குப் பஞ்சமா?

இல்லவே இல்லை. தேசிய சீனியர் பெண்கள் சாம்பியன்ஷிப்பில் பல்லாண்டுகளாக ஆதிக்கம் செலுத்திய மணிப்பூரை, 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த இறுதிப் போட்டியில் தமிழ்நாடு 2-1 என வீழ்த்தியது. 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை அதே 2-1 கணக்கில் வென்று மீண்டும் கோப்பை. 2019-ல் மதுரையை மையமாகக் கொண்ட சேது எஃப்சி, இந்தியப் பெண்கள் லீக்கின் சாம்பியன் ஆனது. இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன் என இந்திய அணிக்கு ஆடிய இருவருமே கடலூர் மாவட்டத்துக்காரர்கள். பெருநகர அகாடமி இல்லாத ஊரிலிருந்தும் இந்தியச் சீருடை வரை போக முடிகிறது.

ஒரு சர்ட்டிஃபிகேட்டின் விலை

இத்தனை கணக்கும் எதற்கு? வேலைக்கு. மத்திய அரசின் குரூப் சி பணிகளுக்கான விளையாட்டு ஒதுக்கீட்டு விதிகளில், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் தன் பல்கலைக்கழகத்துக்காக ஆடியிருப்பதும் ஒரு தகுதி. ஆனால் முன்னுரிமை வரிசை ஒன்று இருக்கிறது. இறுதிக் கட்டப் போட்டியில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தவர்கள் முன்னால்; பங்கேற்றவர்கள் பின்னால். தமிழ்நாடு அரசுப் பணிகளிலும் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. அங்கும் பதக்கத்துக்குத்தான் மவுசு.

அதாவது மண்டலக் கால் இறுதியில் 89-வது நிமிடத்தில் விழும் ஒரு கோல், மறுமுனையில் ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளக் கணக்கையே மாற்றக்கூடும். அவ்வளவு கனத்தை ஒரே ஒரு 90 நிமிடத்தின் மேல் ஏற்றி வைத்திருக்கிறது இந்த அமைப்பு.

என்ன செய்யலாம்?

மண்டலப் போட்டியின் விதிகளை நெல்லையிலோ மதுரையிலோ மாற்ற முடியாது. ஆனால் அதற்கு முந்தைய படி பல்கலைக்கழகங்களின் கையில்தான் இருக்கிறது. கல்லூரிகளுக்கு இடையிலான பெண்கள் போட்டியை இரண்டு மூன்று நாளில் முடித்துவிடாமல், அருகருகே உள்ள கல்லூரிகளைச் சேர்த்து வார இறுதி லீக்காக நடத்தலாம். 7 பேர்கூட சேராத இரண்டு மூன்று கல்லூரிகள் தேர்வுக்காக ஒரு கூட்டு அணியாக இறங்க இடம் கொடுக்கலாம். சங்கரன்கோவில் வட்டாரத்திலேயே ஒரு நாள் தேர்வு வைத்தால், நெல்லை வரை பஸ் ஏற முடியாமல் நின்றுபோகும் மாணவிகளும் வருவார்கள்.

கால்பந்து ஆடும் பெண் வீட்டில் இருந்தால், அட்மிஷனுக்கு முன் கல்லூரியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. எந்தப் பல்கலைக்கழகம்? பெண்கள் கால்பந்து அணி போன வருஷம் களம் இறங்கியதா? உடற்கல்வி இயக்குநர் பணியிடத்தில் ஆள் இருக்கிறாரா? போட்டிக்குப் போகும் நாட்களுக்கு வருகைப் பதிவு உண்டா? ஹாஸ்டல் சாப்பாடு எப்படி என்று விசாரிக்கும்போது, இந்த நான்கையும் சேர்த்தே விசாரித்துவிடலாம்.