கடற்கரைக்குப் போக மே மாதம் எதற்கு?

தமிழ்நாட்டுக் குடும்பங்கள் கடற்கரை ஊர்களுக்குப் போவது பெரும்பாலும் ஒரே காலத்தில்தான். முழுப் பரீட்சை முடிந்த நாளில் தொடங்கி பள்ளி திறக்கும் நாள் வரை மாமல்லபுரம், புதுச்சேரி, வேளாங்கண்ணி, ராமேஸ்வரம் என்று வண்டிகள் கிளம்பிக்கொண்டே இருக்கின்றன. சனி, ஞாயிறுகளில் கிழக்குக் கடற்கரைச் சாலை சென்னைக்குத் தெற்கே திணறுகிறது. ஏறத்தாழ இதே வாரங்கள்தான் மீன்பிடித் தடைக்காலமும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தமிழகத்தின் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2001இல் 45 நாளாகத் தொடங்கிய தடை 2017 முதல் 61 நாளாக நீண்டது. ஆக, கடலோர ஊர் தன் முதன்மையான தொழிலை நிறுத்திவைத்திருக்கும் நாள்களிலேயே நாம் அந்த ஊரைப் பார்க்கப் போகிறோம். இயன்றவர்கள் இந்தப் பயணத்தை ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முடிய உள்ள வார நாள்களுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், இயலாதவர்களுக்கு அரசு வழி செய்துதர வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் மீனையே எடுத்துக்கொள்வோம். கடற்கரைக்குப் போகிறவர் எதிர்பார்ப்பவற்றில் சாப்பாட்டுக்கு முக்கிய இடம் உண்டு. மே மாதத்தில் கடலூர், நாகப்பட்டினம் துறைமுகங்களில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். சிலவற்றைக் கரையேற்றிப் பலகை மாற்றுவார்கள், வண்ணம் பூசுவார்கள், வலையைப் பிரித்துச் சீர்செய்வார்கள். நாட்டுப்படகுகளும் ஃபைபர் படகுகளும் கரையோரத்தில் பிடித்துவரும் மீன்தான் அப்போது ஊருக்குப் புது மீன். அது போதாதபோது கேரளத்திலிருந்து ஐஸ் பெட்டியில் வருகிறது, ஏனென்றால் அங்கே விசைப்படகுகளுக்குத் தடை ஜூனில்தான் தொடங்கும். விலை ஏறுகிறது. வாங்குகிற கூட்டம் பெருகும் மாதத்தில் விற்கிற கையில் சரக்கு இல்லை. வருமானம் நின்றுபோன அந்த இரண்டு மாதத்தில் சுற்றுலாக் கூட்டமாவது வரட்டுமே, அதையும் ஏன் கெடுக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பணம் யாரிடம் போய்ச் சேருகிறது என்று பார்க்க வேண்டும். மே மாதக் கூட்டத்தின் செலவில் பெரும்பகுதி அறை வாடகை, வண்டிச் செலவு, பெரிய உணவகம் என்று போய்விடும். கூடையில் மீன் சுமந்து விற்கும் பெண்ணும், கரையோரத்தில் சட்டி வைத்து வறுத்துத் தரும் கடைக்காரரும், கருவாடு போடுகிறவரும் மீன் வந்தால்தான் எதையாவது விற்க முடியும். ஜூன் 15க்குப் பிறகு படகுகள் திரும்பும்போது ஏலக்கூடத்தில் சங்கராவும் பாறையும் கணவாயும் குவிகின்றன. அதே ரூபாயை ஜூலையில் செலவழித்தால் அது கடலோரக் குடும்பத்தின் கைக்குப் போகும் வாய்ப்பு அதிகம். தடைக்கால நிவாரணத் தொகையை உயர்த்த வேண்டும் என்பது தனிக் கோரிக்கை. அது அரசின் கடமை, விடுமுறைக் கூட்டத்தின் தலையில் கட்டக்கூடியது அல்ல.

தண்ணீர் இன்னும் கனமான காரணம். கோடையின் உச்சியில் கடலோர நிலத்தடி நீர் இறங்கிக் கிடக்கும். இறங்க இறங்க உப்பு நீர் உள்ளே புகும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பகுதிகள் குடிநீருக்குக் கொள்ளிடத்திலிருந்து குழாயில் வரும் நீரையே பெரிதும் நம்பியிருக்கின்றன. ஊர்க்காரர்கள் குடத்தை வரிசையில் வைக்கும் மாதத்தில்தான் விடுதிகள் நிரம்பி வழிகின்றன. ஒரு விடுதி அறை ஒரு நாளைக்குச் செலவழிக்கும் நீரை அந்தத் தெருவின் ஒரு வீட்டோடு ஒப்பிட்டால், இது பயணிகளின் வசதியைப் பற்றிய பேச்சு மட்டும் அல்ல என்பது விளங்கும். ஜூன் 12இல் மேட்டூர் அணை திறக்கப்படும் ஆண்டுகளில் நிலைமை வேறு. பூம்புகாரில் காவிரி கடலோடு கலக்கும் இடம் மே மாதத்தில் பெரும்பாலும் மணல் மேடு. ஆடிப்பெருக்கு நாளில் அங்கே கூடுகிறவர்கள் ஆற்றில் நீரைப் பார்க்கிறார்கள். சீர்காழியிலிருந்து தரங்கம்பாடி போகும் வழியில் குறுவை நிற்கிறது. மரக்காணத்திலும் வேதாரண்யத்திலும் உப்பளங்கள் மழை இறங்கும் வரை வேலையில் இருக்கின்றன. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்துவந்து உப்பெடுத்த ஊர் வேதாரண்யம். பாத்தியில் நின்று உப்பு வாருகிறவரின் வேலையைக் கண்ணால் பார்க்காமல் அந்தப் போராட்டத்தின் நினைவுத்தூணை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்புவது பாதிப் பயணம்தான்.

இந்தச் சாலையின் உண்மையான செல்வம் பெரிய ஊர்களுக்கு இடையில் கிடக்கிறது. கூட்ட நாள்களில் அங்கே யாரும் நிற்பதில்லை. அறை முன்பதிவு மாலை நாலு மணிக்கு, அதற்குள் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம். கல்பாக்கத்தை ஒட்டி, சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை இருக்கிறது. கடப்பாக்கத்துக்கு அருகே கழிமுகத்தில் ஆலம்பரைக் கோட்டை, 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து 1760இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்டது. பரங்கிப்பேட்டையில் 1781இல் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படையும் மோதின. இன்று அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இயங்குகிறது. தரங்கம்பாடியைப் பற்றி மட்டும் நாள் முழுக்கப் பேசலாம். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்று டென்மார்க்குக்காரர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை அலைக்கு எதிரே நிற்கிறது. 1706இல் வந்திறங்கிய பாதிரியார் சீகன்பால்கு தமிழ் படித்து, அச்சுக்கூடம் வைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். 1845இல் டென்மார்க்குக்காரர்கள் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அச்சுக்கலையின் தமிழ் வரலாற்றில் இவ்வளவு பெரிய இடம் உள்ள ஊரில் பலர் அரை மணி நேரம்கூட நிற்பதில்லை. இப்போது விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழிச் சாலை ஊர்களை விலக்கிக்கொண்டு போகிறது. வேகம் கூடும், உயிரிழப்பும் குறையலாம், அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் புறவழிச்சாலையில் போகிறவருக்கு ஊர் பெயர்ப்பலகையாக மட்டும் மிஞ்சும். உள்ளே திரும்பி நிற்கும் நேரம் கூட்டமில்லாத நாளில்தான் கிடைக்கும். டீக்கடைக்காரருக்கு நின்று வழி சொல்ல நேரம் இருப்பதும், கோட்டை அருங்காட்சியகத்தில் முண்டியடிக்காமல் ஒரு பொருளை நின்று பார்க்க முடிவதும் அன்றைக்குத்தான்.

வெயிலும் மழையும் பற்றிய ஆட்சேபத்தை லேசாகத் தள்ளக் கூடாது. ஜூன் மாதம் நம் கடற்கரையில் கடுமையாகவே சுடும். மேல்காற்று வலுத்த நாள்களில் கடல்காற்று உள்ளே வரத் தாமதமாகும். ஜூலை, ஆகஸ்டில் வெயில் கொஞ்சம் தணிகிறது, அவ்வளவுதான். மாலையில் இடி மழை வரலாம். ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கம் ஆடிக் காற்று மணலை முகத்தில் அடிக்கும், கடலும் கொந்தளிப்பாக இருக்கும். ஆகவே குளிக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் காலம் பொருந்தாது. உண்மையில் சென்னை முதல் புதுச்சேரி வரையிலான கரையில் இழுப்பு நீரோட்டம் எந்த மாதத்திலும் ஆளைக் கொண்டுபோகும். கூட்டம் இருந்தால் காவலர் இருப்பார், கூட்டமில்லாத நாளில் கரையில் கூப்பிட ஆள் இருக்காது. காலை நனைத்துக்கொண்டு நிற்பதோடு நிறுத்திக்கொள்வதே சரி.

மழைக்காலத்தில் கடலோரச் சாலையில் வண்டி ஓட்டுவது அழகு என்று பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அக்டோபர் பிற்பகுதி முதல் டிசம்பர் வரை அந்த எண்ணமே வேண்டாம். தானே புயல் 2011 டிசம்பர் 30இல், கஜா 2018 நவம்பர் 16இல், ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30இல் கரையைக் கடந்தன. கஜா வேதாரண்யத்தின் தென்னையையும் மாவையும் வேரோடு சாய்த்தது. அந்த வாரங்களில் ஊர்கள் கூரையையும் படகையும் காப்பாற்றப் பாடுபட்டுக்கொண்டிருக்கும். அங்கே வேடிக்கை பார்க்கப் போகும் வண்டி மீட்பு வண்டிக்கு இடைஞ்சல். எனவே நான் பேசுவது வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய, தடைக்காலத்துக்குப் பிந்தைய அந்த மூன்றரை மாதத்தைப் பற்றி மட்டுமே. அதிலும் எல்லா நாளும் ஒரே மாதிரி அல்ல. ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரமும் வேதாரண்யமும் நிறையும். ஆகஸ்ட் 29இல் வேளாங்கண்ணியில் கொடியேறும், செப்டம்பர் 8 வரை திருவிழா. அதற்கு முன்பே காவி உடுத்தி, சிறு தேர் இழுத்து, இரவும் பகலும் சாலையோரம் நடந்துபோகும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அந்த நாள்களில் முதல் உரிமை. வண்டி ஓட்டுகிறவர்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும். கோடிக்கரைக்குப் போகிறவர்களும் ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். 1967இல் சரணாலயமான அந்தக் காட்டில் ஆகஸ்டில் வெளிமானைப் பார்க்கலாம், ஆனால் வலசை வரும் பூநாரைக் கூட்டங்களுக்கு மழைக்குப் பிந்தைய மாதங்கள்தான்.

காரும் விடுப்பும் உள்ளவர்களுக்கான யோசனை இது, பிள்ளைகளின் பள்ளியை விட்டுவிட்டு யார் ஜூலையில் கிளம்ப முடியும் என்பதுதான் எனக்கு எதிரான வலுவான வாதம். தனி மனிதரிடம் மட்டும் சொல்லி இதைத் தீர்க்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வழிகள் இருக்கின்றன. செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறை, மழை தொடங்குவதற்கு முன்னால், இந்தக் காலத்துக்குள்ளேயே பெரும்பாலும் விழுகிறது. பள்ளிகளின் கல்விச் சுற்றுலாவை ஜூலை, ஆகஸ்ட் வார நாளில் வைக்கலாம். தரங்கம்பாடியும் மரக்காணம் உப்பளமும் பூம்புகாரும் வரலாறு, புவியியல் பாடங்களை நேரில் காட்டக்கூடிய இடங்கள். பணி ஓய்வு பெற்றவர்கள் இந்தக் காலத்துக்குத் தாராளமாக மாறலாம், இப்போது அவர்களும் பேரப் பிள்ளைகளின் விடுமுறையோடு சேர்ந்தே நெரிசலில் சிக்குகிறார்கள். பேருந்துதான் பெரிய குறை. பெரிய ஊரிலிருந்து பெரிய ஊருக்கு வண்டி இருக்கிறது, ஆலம்பரைக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் இறங்கி ஏறிப் போக நினைப்பவருக்கு நேரம் தெரிந்த வண்டி இல்லை. காலையில் புறப்பட்டு, வழியில் இறங்கிப் பார்த்து, அடுத்த வண்டியில் அதே சீட்டோடு தொடரும் ஒரு நாள் பயணச்சீட்டை அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் இந்த மூன்றரை மாதத்துக்காவது தரலாம். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ஓடிய ரயில் 1980களில் நிறுத்தப்பட்டது. அந்தத் தடத்தை மீட்கக் கேட்கும் கோரிக்கைக்கு இதுவும் ஒரு காரணமாகச் சேரட்டும்.

கூட்டம் போன பிறகு ஊர் ஓய்வெடுக்க வேண்டாமா, ஆண்டு முழுக்கப் பயணிகளை ஏற்றிவிட்டால் கடற்கரை என்ன ஆகும் என்ற அச்சம் எனக்கும் உண்டு. ஜனவரி முதல் பங்குனி ஆமைகள் முட்டையிட இரவில் கரையேறும் மணல் இது. விடுதியின் விளக்கு வெளிச்சமே குஞ்சுகளைத் திசைமாற்றிவிடும். அதனால் நான் கேட்பது கூட்டத்தைப் பெருக்குவதை அல்ல, மே மாதத்தின் நெரிசலில் ஒரு பகுதியை நகர்த்துவதை. ஜூலையிலும் ஆள் வருகிறார்கள் என்று காட்டி அலைக்கு அருகே புதிய விடுதிகளுக்கு அனுமதி தருவதாக இருந்தால் இந்த யோசனையைக் கைவிடுவதே நல்லது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளைத் தளர்த்தாமல், ஏற்கெனவே உள்ள அறைகளை ஆண்டில் கூடுதல் நாள்களுக்குப் பயன்படுத்தினால் போதும். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் தன் கடலோர விடுதிகளில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை வார நாள் வாடகையைக் குறைத்து, அதே அளவு மே மாத வார இறுதி வாடகையை உயர்த்தி, அடுத்த ஆண்டே இதைச் சோதித்துப் பார்க்கலாம்.